இடுப்பில் பிஸ்டல்: உறைக்குள் போடும்போது நிதானம்

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வைத்திருப்பவர் தன் தொடையிலேயே சுட்டுக்கொள்ளும் விபத்துகளில் அடிக்கடி நடப்பது, துப்பாக்கியை மீண்டும் உறைக்குள் செருகும்போதுதான். உருவுவதற்கு அவசரம் என்று ஒன்று இருக்கலாம். திரும்ப உறைக்குள் போட எந்த அவசரமும் கிடையாது. ஆனாலும் பலர் உருவிய வேகத்திலேயே குத்திச் செருகுகிறார்கள். கீழே சொல்லும் பழக்கங்கள் எல்லாம் ஒரே நோக்கத்துக்குத்தான்: ஒரு நாளில் தோட்டா நிறைந்த துப்பாக்கியைக் கை தொடும் தடவைகளைக் குறைப்பது, தொட்டே ஆகவேண்டிய நேரத்தில் மெதுவாகச் செய்வது.

கோலாலம்பூரில் இது லைசென்ஸ் உள்ள சிலருக்கு மட்டுமான விஷயம்: பண வேனில் போகும் காவலர்கள், மெய்க்காப்பாளர்கள், சில வணிகர்கள், சுடுதளத்துக்குப் போகும் போட்டியாளர்கள். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அனுமதி இல்லாமல் யாரும் துப்பாக்கியைத் தன்வசம் வைத்திருக்கக்கூடாது. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்கள் பற்றிய கூடுதல் தண்டனைச் சட்டத்தில், சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கே 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ‘சும்மா பிடித்துப் பார், மச்சான்’ என்று நண்பர் கையில் கொடுப்பதும் இந்த வட்டத்துக்குள்தான் வரும். லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர் இடுப்பில்தான் துப்பாக்கி இருக்கவேண்டும்.

முதலில் உங்கள் பிஸ்டலின் விசை, அதாவது சுட விரலால் இழுக்கும் டிரிகர், எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். உறையில் போடும் முறை அதைப் பொறுத்தே மாறும்.

கிளாக் போன்ற ஸ்டிரைக்கர் வகையில் தோட்டாவை அடிக்கும் ஊசி உள்ளேயே இருக்கும். வெளியே சுத்தியலும் இல்லை, கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி பூட்டும் இல்லை. விசையின் நடுவில் உள்ள சிறு நாக்கோடு சேர்த்து விசையை ஏறத்தாழ 2.5 கிலோ பலத்தில் அழுத்தினால் சுடும். அழுத்துவது விரலா, சட்டை முனையா, உறையின் மடிந்த தோலா என்று அதற்குத் தெரியாது. பெரெட்டா 92எஃப்எஸ் போன்றவற்றில் ஸ்லைடில் (துப்பாக்கியின் மேல்பக்கம் முன்பின் நகரும் பகுதி) உள்ள நெம்பை இறக்கினால் சுத்தியல் பாதுகாப்பாக விழும், அதன் பிறகு முதல் வெடிக்கு நீண்ட, கனமான இழுப்பு தேவை. இந்த வகையில் பொதுவாக நடக்கும் தவறு, சுட்டு முடித்த பிறகு சுத்தியலை இறக்க மறந்து, இலேசாகிவிட்ட விசையோடு உறைக்குள் தள்ளுவது. மூன்றாவது வகையில் 1911 மாதிரிகளும் சிஇசட் 75 பி-யும் வரும். சிஇசட் 75 பி-யில் சுத்தியலை இறக்கும் நெம்பு கிடையாது, சேஃப்டி மட்டும்தான் உண்டு. சுத்தியல் பின்வாங்கிய நிலையில் சேஃப்டியைப் போட்டுத்தான் உறைக்குள் போகவேண்டும். விசையை இழுத்தபடி கட்டைவிரலால் சுத்தியலை மெல்ல இறக்கும் வித்தையை வியர்த்த கையோடு செய்து பார்க்காதீர்கள். வழுக்கினால் வெடிக்கும்.

அடுத்தது உறை. நல்ல உறைக்கு மூன்று லட்சணம். விசையைச் சுற்றியுள்ள வளையம் முழுவதும் மூடியிருக்கவேண்டும், வெளியிலிருந்து விரலால் அழுத்தினாலும் விசை அசையக்கூடாது. துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தபடியே நிற்கவேண்டும். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாலும் காலித் துப்பாக்கி விழக்கூடாது. கடைசிச் சோதனையைக் கட்டிலின் மேல் வைத்துச் செய்யுங்கள்.

இந்த ஊருக்கு கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறையே பொருத்தம். தோலுறை அழகுதான், ஆனால் நம் ஊர் வியர்வையில் இரண்டு வருடம் ஊறினால் வாய்ப்பகுதி தளர்ந்து உள்பக்கமாக மடியும். துப்பாக்கியைத் தள்ளும்போது அந்த மடிப்பு விசை வளையத்துக்குள் நுழைந்து விரலின் வேலையைச் செய்துவிடும். தோலுறைதான் வேண்டும் என்றால் வாயைச் சுற்றி உலோகப் பட்டை தைத்ததை வாங்குங்கள், தளர்ந்ததும் தூக்கிப் போடுங்கள். ஆன்லைனில் முப்பது நாற்பது ரிங்கிட்டுக்கு ‘எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்’ என்று வரும் நைலான் பை உறையே அல்ல. எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் பொருந்தாது. குழலுக்குக் கீழே டார்ச் பொருத்திய பிஸ்டலானால் இன்னொரு கவனம்: டார்ச்சுக்கு இடம்விட்டுச் செய்த உறையில் விசைப் பக்கம் இடைவெளி பெரிதாகிவிடும். சிறுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

காவலர் பெல்ட்டில் வரும் கட்டைவிரல் வார் உள்ள உறைகளில், அந்த வாரே எதிரியாகும் சந்தர்ப்பம் உண்டு. துப்பாக்கியைச் செருகும்போது வார் உள்ளே மடிந்து விசையோரம் சிக்கும். வாரை வெளிப்பக்கம் தள்ளிவிட்ட பிறகே செருகவேண்டும்.

உறைக்குக் கொடுக்கும் காசில் பாதியையாவது பெல்ட்டுக்குக் கொடுங்கள். தோட்டா நிறைந்த கிளாக் 17 ஏறத்தாழ 900 கிராம் எடை. சாதாரணப் பெல்ட் அந்தப் பாரத்தில் வெளிப்பக்கம் சாயும், உருவும்போது உறையும் சேர்ந்து மேலே வரும். 38 மில்லிமீட்டர் அகலம், இரட்டைத் தோல் அல்லது உள்ளே கெட்டிப் பட்டை வைத்த நைலான் போதும். உறையின் திருகாணிகள் மோட்டார் சைக்கிள் அதிர்வில் கழன்றுவரும். திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கி, தலையின் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், கோடு விலகியதும் கண்ணில் பட்டுவிடும்.

எங்கே அணிவது? வலக்கைக்காரருக்கு வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் என்பதே புதியவருக்கு உகந்த இடம். முதுகுத்தண்டின் நடுவில் வைக்காதீர்கள்: மழையில் நனைந்த நடைபாதை ஓட்டில் வழுக்கி மல்லாந்து விழுந்தால் ஒரு கிலோ இரும்பு நேராகத் தண்டுவடத்தில் இறங்கும். செருகும்போது கண்ணால் பார்க்கவும் முடியாது. முன்வயிற்றுப் பக்கம் வைப்பவர்கள், குழல் வாய் தொடைத் தமனியைப் பார்த்தபடி இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அப்படி வைப்பவர் உறையைக் கழற்றிக் கையில் எடுத்து, பாதுகாப்பான திசையில் துப்பாக்கியை அதில் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்தே இடுப்பில் மாட்டுவது நல்லது. உறையில்லாமல் கால்சட்டைப் பையிலோ இடுப்புப் பட்டியிலோ சொருகுவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

உடைக்கும் இதில் பங்குண்டு. சட்டையின் கீழ்முனையும், மழைக் கோட்டின் இடுப்புக் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் குண்டும் விசை வளையத்துக்குள் புகுந்து வெடிக்கச் செய்யும். அந்தக் கயிறுகளை உருவி எறிந்துவிடுங்கள். கோயில் திருவிழா, கல்யாணம் என்று வேட்டி கட்டுகிற நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கட்டும். பெல்ட் இல்லாத உடையில் உறையை நிறுத்த வழி கிடையாது. பத்துமலைக் கூட்டத்தில் பத்து பேர் தோள் உரசும் இடம் அதற்கானதும் இல்லை.

காலையில் மாட்டும்போது உறையோடு சேர்த்தே மாட்டுங்கள், இரவில் உறையோடு சேர்த்தே கழற்றுங்கள். பெட்டகத்துக்குள்ளும் உறையோடே போகட்டும். இந்த ஒரு பழக்கத்திலேயே தொடும் தடவைகள் வெகுவாகக் குறையும். சேம்பரில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழல் அறையில், தோட்டா வைப்பதா வேண்டாமா என்பதில் காவலர்களுக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது, நிறுவனத்தின் எழுத்து உத்தரவு எதுவோ அதுதான். காலி சேம்பர் என்று உத்தரவு இருந்தாலும், ‘காலிதானே’ என்ற நினைப்பு வேண்டாம். முந்தைய ஷிப்ட்காரர் என்ன செய்தார் என்பது ஸ்லைடைத் திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

இப்போது உறைக்குள் போடும் முறை. முதலில் நின்று, சுற்றிப் பார்த்து, ஆபத்தோ பயிற்சியோ முடிந்துவிட்டது என்று முடிவு செய்யுங்கள். சுட்டுவிரல் விசை வளையத்துக்கு வெளியே மட்டும் இருந்தால் போதாது, அதற்கும் மேலே, சட்டகத்தின் பக்கவாட்டில் ஸ்லைடை ஒட்டி நீட்டியபடி இருக்கவேண்டும். வளையத்தின் ஓரத்தில் சும்மா ஓய்வெடுக்கும் விரல், கால் இடறினாலோ யாராவது தோளைத் தட்டினாலோ, மற்ற விரல்கள் இறுகும்போது தானும் சேர்ந்து இறுகும். மனிதக் கை அப்படித்தான் வேலை செய்கிறது, பயிற்சி அதை முழுதாக மாற்றாது.

அடுத்து சேஃப்டி அல்லது சுத்தியல் இறக்கும் நெம்பு. பிறகு இடக்கையால் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நெஞ்சுவரை தூக்கி அங்கேயே அழுத்திவையுங்கள். இடக்கை உறையின் வாயைத் திறந்து பிடிக்கப் போகவே கூடாது, குழல் வாய் அந்தக் கையைக் கடந்துதான் உள்ளே போகும். இப்போது குனிந்து உறையைப் பாருங்கள். பார்க்காமல் போடுவதில் ஒரு வீரமும் இல்லை. உள்ளே துணியோ வாரோ இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு, இடுப்பைச் சற்று உள்வாங்கி, குழல் வாய் உடம்பைப் பாராமல் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்தபடி இறக்குங்கள். கட்டைவிரல் சுத்தியலின் மேல் இருக்கட்டும். விசை எங்காவது சிக்கினால் சுத்தியல் எழும்புவதைக் கட்டைவிரல் உணரும், உடனே நிறுத்தலாம். சுத்தியல் இல்லாத மாதிரியில் கட்டைவிரலை ஸ்லைடின் பின்முகத்தில் வையுங்கள். அங்கே அது விசை இழுபடுவதை உணராது, ஆனால் இறுக்கமான உறை ஸ்லைடைப் பின்னால் தள்ளி, துப்பாக்கி முழுதாக மூடாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும்.

பாதியில் தடை தட்டினால் அழுத்தாதீர்கள். விபத்து நடப்பது அந்த இரண்டாவது அழுத்தலில். வெளியே எடுத்து, என்ன தடுக்கிறது என்று பார்த்து, மறுபடி தொடங்குங்கள். ‘டக்’ என்று பூட்டும் ஓசை கேட்டதும் வாரைப் போட்டு, பிடியை ஒருமுறை மேலே இழுத்துப் பார்த்த பிறகு கையை எடுக்கலாம்.

கை தவறிக் கீழே விழுகிற துப்பாக்கியைப் பிடிக்கப் பாயாதீர்கள். இன்றைய பிஸ்டல்களில் விழுந்தால் வெடிக்காதபடி உள்ளே தடுப்பு இருக்கிறது. பாய்ந்து பிடிக்கிற விரலோ நேராக விசையில் போய்ச் சிக்கும். விழட்டும். அதற்காகத் தடுப்பை முழுதாக நம்பவும் வேண்டாம்: சிக் சாவர் பி320 மாதிரி சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரிந்து, 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனமே இலவச மாற்றம் அறிவித்தது. விழுந்த துப்பாக்கியை எடுத்ததும் தோட்டாவை இறக்கி, குழலுக்குள் மண் இருக்கிறதா, ஸ்லைடும் விசையும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

இனி யாரும் பேச விரும்பாத இடம், பொதுக் கழிப்பறை. துப்பாக்கி கீழே விழுவதும், மறந்து விடப்படுவதும் இங்கேதான். தண்ணீர்த் தொட்டியின் மேலும் கதவுக் கொக்கியிலும் வைத்தவர் கை கழுவிவிட்டுப் போய்விடுவார், அடுத்து உள்ளே வருபவர் ஒரு பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். ஆகவே துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவே கூடாது. மேற்கத்திய கழிப்பறையில் கால்சட்டையை முழங்கால்வரை இறக்கியதும் பெல்ட்டை மறுபடி பூட்டுங்கள், முழங்காலை விரித்து வைத்தால் பெல்ட் இறுகி நிற்கும், உறை சாயாது. பெல்ட்டைப் பூட்டாமல் விட்டால் துப்பாக்கியின் பாரத்தில் அது தரைக்குச் சரிந்து, அடுத்த அறைக்காரர் கண்ணில் படும்படி கீழ் இடைவெளியில் கிடக்கும். குந்தும் கழிப்பறையில், ஈரத் தரையில், இது நடக்காது. அங்கே உறையோடு கழற்றி, ஜிப் உள்ள குறுக்குப் பையில் போட்டு, பையைக் கழுத்திலிருந்து எடுக்காமல் வைத்துக்கொள்வதே வழி. அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. முடிந்தவரை வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்புவது எல்லாவற்றையும்விட மேல்.

காடியில் உட்கார்ந்ததும் துப்பாக்கி இடுப்பில் குத்துகிறது என்று எடுத்துக் கதவுப் பெட்டியிலோ இருக்கைக்கு அடியிலோ வைப்பது கெட்ட பழக்கம். திடீர் பிரேக்கில் அது முன்னால் சறுக்கி மிதிகளுக்கு அடியில் வந்து நிற்கும். நம் காடிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம், சீட் பெல்ட் பூட்டும் இடம் இடப்பக்கம். ஆகவே வலது இடுப்பில் உள்ள உறையோடு பூட்டு மோதாது, ஆனால் கதவோரமிருந்து வரும் மடிப்பட்டை துப்பாக்கிப் பிடியின் மேல் ஏறிக்கொள்ளும். உட்கார்ந்ததும் பட்டையைப் பிடிக்குக் கீழாக இடுப்பெலும்பின் மேல் சரிசெய்துவிட்டால் போதும். காடியை நிறுத்திவிட்டுப் போகும்போது துப்பாக்கியை உள்ளே விடுவதும் வேண்டாம், கண்ணாடியை உடைத்துப் பை தூக்கும் திருடர்கள் இந்த ஊரில் குறைவில்லை. மோட்டாரில் போகிறவருக்குக் காற்றில் சட்டை பறந்து பிடி வெளியே தெரியும். நீளமான சட்டையோ ஜாக்கெட்டோ தேவை, உறையில் தானே பூட்டும் அமைப்பும் தேவை.

போலீஸ் சாலைத் தடுப்பில் எஞ்சினை நிறுத்தி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்து, ‘துவான், சாயா அடா பாவா பிஸ்தோல், அடா லேசென்’ (ஐயா, என்னிடம் பிஸ்டல் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லைசென்ஸ் இருக்கும் பக்கம் கையைக் கொண்டுபோவதற்கு முன் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் கேட்காமல் துப்பாக்கியை எடுத்துக் காட்டவேண்டாம்.

தோட்டாவை இறக்குவதில் வரிசைதான் முக்கியம், அதனால் இதை மட்டும் எண் போட்டுச் சொல்கிறோம்.

1. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் காய்ந்த மணலை விளிம்புவரை நிரப்பி வையுங்கள். குழல் வாய் அந்த மணலைப் பார்க்கட்டும். வரிசை வீட்டின் சுவரைப் பார்க்கவேண்டாம், அப்பால் அடுத்த வீட்டுக்காரர் இருக்கிறார்.
2. விரல் விசை வளையத்துக்கு மேலே. மேகசினை (தோட்டாக்களை அடுக்கிய பெட்டி) கழற்றித் தூர வையுங்கள்.
3. ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுங்கள். சேம்பரில் இருந்த தோட்டா தரையில் விழட்டும்.
4. ஸ்லைடைத் திறந்தபடி பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். மேகசின் குழியையும் பாருங்கள்.
5. வேறெங்காவது பார்த்துவிட்டு, இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டும் மூன்றும் இடம் மாறினால் ஆள் காலி. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது சேம்பருக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினை எடுத்துவிட்டு, ‘காலி’ என்று நம்பி விசையை இழுப்பார்கள். கிளாக்கைப் பிரிக்க விசையை இழுத்தே ஆகவேண்டும் என்பதால் இந்தத் தவறுக்கு அங்கே மன்னிப்பே இல்லை. வெளிவரும் தோட்டாவை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் ஸ்டைலும் வேண்டாம், தோட்டாவின் அடிப்பகுதி எஜெக்டரில் (தோட்டாவை வெளியே தள்ளும் முள்) இடித்து வெடித்தால் போவது உள்ளங்கை.

தினமும் ஏற்றி இறக்குபவர்கள் ஒரே தோட்டாவையே மறுபடி மறுபடி சேம்பருக்குள் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் குண்டு, சேம்பருக்கு ஏறும் சரிவில் இடித்து, தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவின் மொத்த நீளத்துக்கு உச்ச வரம்பு 29.69 மில்லிமீட்டர், தொழிற்சாலைத் தோட்டாக்கள் பொதுவாக அதைவிடச் சற்றுக் குட்டை. அதே பெட்டியின் புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். தனியாக வைத்து, கணக்கில் எழுதி, சுடுதளப் பொறுப்பாளரிடமோ நிறுவன ஆயுத அறையிலோ ஒப்படையுங்கள். ஏற்றும் ஒவ்வொரு தடவையும் தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் எத்தனை முறை ஏறியது என்று கணக்கு நிற்கும்.

வியர்வை உப்பு முதலில் திருகாணித் தலை, பின்பார்வைக் குறி, மேகசின் உதடு என்ற சின்ன இடங்களைத்தான் அரிக்கும். இடுப்பை ஒட்டி அணிந்தால் தினமும் துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் தேய்க்கவேண்டும். சொட்டச் சொட்ட எண்ணெய் விட்டால் அது ஸ்டிரைக்கர் குழிக்குள் இறங்கி அழுக்கைப் பிசைந்து வைக்கும், தோட்டாவுக்குள் கசிந்தால் அதையும் கெடுக்கும். தோலுறையில் நெடுநாள் அப்படியே விட்டால் பித்தளைக் கூடு பச்சை பூக்கும். பெட்டகத்தில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

பயிற்சியை வீட்டில் காலித் துப்பாக்கியில் செய்யலாம், தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. பத்து நிமிடம், இருபது தடவை போதும். உருவுவதை வேகமாகச் செய்தாலும், உறைக்குள் போடுவதற்கு ஒவ்வொரு தடவையும் நான்கைந்து விநாடி கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் கையை நனைத்துக்கொண்டு செய்து பாருங்கள், ஒருநாள் வேலைக்குப் போடும் அதே சட்டையும் மழைக்கோட்டும் போட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் ‘முடிந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லி, துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டி, அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். தோட்டா ஏற்றிய கையோடு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று உருவிப் பார்க்கும் அந்த நிமிடத்தில்தான் வரவேற்பறைத் தொலைக்காட்சிகளில் ஓட்டை விழுகிறது.